இடிக்கலாமா, வேண்டாமா? ஒரு பழைய ஃப்ளாட்டின் கார்பன் கணக்கு

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடு பாதி வீட்டுக் கதை, பாதி கணக்கு. ஒரு பழைய கட்டிடத்தை இடிச்சுட்டு, மின்சாரம் கம்மியா சாப்பிடுற புதுக் கட்டிடம் கட்டினா சுற்றுச்சூழலுக்கு நல்லதா? "ஆமா"ன்னுதான் நானும் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். கணக்குப் போட்டதும் அந்த நினைப்பு மாறிடுச்சு. கடைசி வரைக்கும் கேளுங்க. பேப்பர், பேனா பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது.

எங்க அப்பார்ட்மெண்ட்

எங்க அப்பா, அம்மா இருக்கிறது சென்னையில ஒரு பழைய அப்பார்ட்மெண்ட். 1988-ல கட்டினது. தரைத்தளம், அதுக்கு மேல ரெண்டு மாடி, மொத்தம் 12 வீடு. லிஃப்ட் கிடையாது. எங்க வீடு ரெண்டாவது மாடி.

போன வருஷம் ஒரு பில்டர் வந்தார். அவர் சொன்னது சிம்பிளான டீல். மொத்தத்தையும் இடிச்சிடுவோம். ஸ்டில்ட் பார்க்கிங், அதுக்கு மேல அஞ்சு மாடி, 20 வீடு. அதுல 12 உங்களுக்கு, 8 வீட்டை நாங்க வித்துக்குவோம். உங்க கையிலருந்து ஒரு ரூபாய் போட வேண்டாம். கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகையும் நாங்களே தர்றோம். லிஃப்ட், ஜெனரேட்டர், சோலார் எல்லாம் வரும். ப்ரோஷர்ல பச்சை இலை படம் போட்டு "பசுமை வீடு"ன்னு எழுதியிருந்தது.

முன்னாடி எல்லாம் இப்படி ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் கிட்டத்தட்ட எல்லாமே நின்னு போயிடும். 2022-ல வந்து 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா மறுகட்டுமானம் பண்ணலாம். எங்க 12 வீட்டுல 8 பேர் கையெழுத்து போட்டா போதும்.

நான் உடனே "சரி"ன்னு சொன்ன கட்சி. சாஃப்ட்வேர்ல பழைய கோடைப் பார்த்தா நமக்கு வர்ற முதல் எண்ணமே "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடலாம்"தானே. அம்மாவுக்கு முட்டி வலி. "லிஃப்ட் வந்தா போதும்டா, வேற எதுவும் எனக்கு வேணாம்"னு சொன்னாங்க. அப்பா எதுவும் சொல்லல.

மீட்டிங்ல எதிர் வீட்டு அங்கிள் மட்டும் கை தூக்கினார். பொதுப்பணித்துறையில இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர். "தம்பி, பில்டிங் கெட்டுப் போச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க? யாராவது டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டார். யாரும் பார்க்கல. சன்ஷேடுல சிமெண்ட் பூச்சு பேர்ந்து கம்பி தெரியுது, அதனால பில்டிங் போயிடுச்சு, அவ்வளவுதான் எங்க ஆராய்ச்சி.

மீட்டிங் முடிஞ்சதும் அவர்கிட்ட "ஆனா அங்கிள், புது பில்டிங்னா கரண்ட் கம்மியா செலவாகும், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, கணக்குப் போட்டுப் பாரேன்"னார். அங்கதான் இந்த எபிசோடு ஆரம்பிச்சுது.

ஒரு கட்டிடத்துக்கு ரெண்டு கார்பன் பில்

ஒரு கட்டிடம் ரெண்டு வழியில கார்பன் டை ஆக்சைடு வெளியேறக் காரணமா இருக்கு. முதல் வழி, நாம அதுல வாழும்போது: ஃபேன், ஏசி, லைட், மோட்டார். இதை பயன்பாட்டுக் கார்பன்னு வச்சுக்குவோம். மாசா மாசம் வர்ற கரண்ட் பில் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏறும். ரெண்டாவது, அந்தக் கட்டிடத்தைக் கட்டும்போதே வெளியேறுவது: சிமெண்ட், கம்பி, செங்கல், கண்ணாடி, லாரி டீசல். இதை கட்டுமானக் கார்பன்னு சொல்லலாம். இது மாசத் தவணை கிடையாது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடியே முழுத் தொகையும் வானத்துக்குப் போயிருக்கும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு வருஷா வருஷம் வெளியிடுற அறிக்கைப்படி, ஆற்றல் மற்றும் தொழிற்சாலைகள் மூலமா உலகத்துல வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுல கட்டிடங்களும் கட்டுமானமும் சேர்ந்து மூணுல ஒரு பங்குக்கு மேல. இதுல பெரும்பகுதி பயன்பாட்டுக் கார்பன்தான். அதனாலதான் "புது ஏசி, புது கண்ணாடி, புது பில்டிங்"னு எல்லாரும் அந்தப் பக்கமே பேசுறோம். கட்டுமானப் பக்கத்தை மறந்துடறோம்.

சிமெண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். உலக கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்துல 7-லருந்து 8 சதவீதம் சிமெண்டுனால மட்டும் வருது. "நிலக்கரிக்குப் பதிலா சோலார்ல சூளையை ஓட்டினா சரியாயிடாதா?"ன்னு கேட்கலாம். முழுசா ஆகாது. காரணம் பிளஸ் டூ கெமிஸ்ட்ரியிலயே இருக்கு. சிமெண்டோட மூலப்பொருள் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். அதைச் சூடாக்கினா கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடுமா பிரியும். மூலக்கூறு எடையை வச்சுப் பார்த்தா, 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லுல 56 கிலோ சுண்ணாம்பா நிற்கும், 44 கிலோ வாயுவா பறந்துடும். சிமெண்டோட வெளியேற்றத்துல பாதிக்கு மேல இந்த வேதிவினையிலருந்தே வருது. மிச்சம்தான், 1,450 டிகிரி வரைக்கும் சூளையைச் சூடாக்குற எரிபொருள். எரிபொருளை மாத்தினாலும் கல்லுக்குள்ள இருக்கிற கார்பன் வெளியே வந்துதான் ஆகும்.

எங்க வீட்டுக் கணக்கு

இப்ப பேப்பரை எடுங்க. நம்ம ஊர் கான்ட்ராக்டர்கள் வச்சிருக்கிற மேலோட்டமான கணக்கு ஒண்ணு இருக்கு: ஒரு சதுர அடிக்கு சிமெண்ட் 0.4 மூட்டை, கம்பி 4 கிலோ. புது பில்டிங்ல, படிக்கட்டு, காரிடார், பார்க்கிங் பங்கெல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 1,200 சதுர அடின்னு வச்சுக்குவோம்.

சிமெண்ட்: 1,200 பெருக்கல் 0.4, அதாவது 480 மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ, ஆக 24 டன். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்தான் போடுவாங்கன்னு வச்சு, டன்னுக்கு 0.6 டன் கார்பன் டை ஆக்சைடுன்னு குறைச்சே எடுக்கிறேன். 14.4 டன் வருது.

கம்பி: 1,200 பெருக்கல் 4 கிலோ, 4.8 டன். இந்தியாவுல ஒரு டன் இரும்பு தயாரிக்க சராசரியா 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுது. அது 12 டன்.

ரெண்டும் சேர்த்தா ஒரு வீட்டுக்கு கிட்டத்தட்ட 26 டன். செங்கல், டைல்ஸ், அலுமினிய ஜன்னல், பெயிண்ட், இடிக்கிற மெஷின், குப்பை அள்ளுற லாரி எதையும் நான் சேர்க்கல. புதுசா வர்ற 8 வீட்டோட பங்கையும் சேர்க்கல. அந்தக் குடும்பங்களுக்கு எங்கேயாவது ஒரு வீடு வேணும்தானே. எங்க 12 வீட்டுக்கு மட்டும் பார்த்தாலே 300 டன்னுக்கு மேல போகுது.

அடுத்து வரவுப் பக்கம். எங்க வீட்டுல மாசம் சராசரியா 300 யூனிட். வருஷத்துக்கு 3,600. இந்தியாவுல ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுது. அப்ப வருஷத்துக்கு 2.5 டன். புது வீட்டுல 20 சதவீதம் மிச்சமாகும்னு தாராளமாவே வச்சுக்குவோம். வருஷத்துக்கு அரை டன்.

26 டன்னை அரை டன்னால வகுத்தா, 52 வருஷம்.

அதாவது, புது வீடு கட்டினதுக்கு ஆன கார்பனை, அது மிச்சம் பிடிக்கிற கரண்டை வச்சு ஈடுகட்ட 52 வருஷம் ஆகும். இப்ப நாங்க இடிக்கப் போற பில்டிங்கோட வயசு 50-ஐத் தொடவே இல்லைங்கிறதை இதோட சேர்த்துப் பாருங்க. புது பில்டிங்கும் இதே வயசுல இடிபட்டுச்சுன்னா, கடனை அடைக்காமலேயே அடுத்த கடன் வாங்கற கதைதான்.

"இது உன் சொந்தக் கணக்கு, உன் வசதிக்குப் போட்டிருப்பே"ன்னு நீங்க சொல்லலாம். நியாயம்தான். அமெரிக்காவுல நேஷனல் ட்ரஸ்ட் ஃபார் ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன்கிற அமைப்போட ஆய்வுப் பிரிவு 2011-ல இதையே நாலு நகரங்கள்ல, பல வகைக் கட்டிடங்களுக்குப் பார்த்தாங்க. சராசரிக் கட்டிடத்தை விட 30 சதவீதம் சிக்கனமான புதுக் கட்டிடம், தன்னைக் கட்டினதுல ஏற்பட்ட காலநிலை பாதிப்பை ஈடுகட்ட 10-லருந்து 80 வருஷம் ஆகும்னு வந்துச்சு. ஊரையும் கட்டிட வகையையும் பொறுத்து மாறும். எங்க 52 அந்த எல்லைக்குள்ளதான் இருக்கு.

இன்னொரு விஷயம். அந்த 0.7 கிலோங்கிறது நிலையான எண் கிடையாது. காற்றாலையும் சோலாரும் ஏற ஏற அது குறைஞ்சுக்கிட்டே வரும். மின்சாரம் சுத்தமாக ஆக, புது வீடு மிச்சம் பிடிக்கிற கார்பனும் சுருங்கும். 52 வருஷம் இன்னும் நீளும். நிகர பூஜ்ஜியத்துக்கு இந்தியா சொல்லியிருக்கிற வருஷம் 2070. 52 வருஷத்துக் கடன் அதையும் தாண்டிப் போகுது.

ஒரு தப்பான வாதம்

இங்க ஒரு எச்சரிக்கை. பழைய கட்டிடத்துக்கு ஆதரவா பேசுறவங்க பலர் சொல்றது இது: "பழைய சுவருக்குள்ள ஏற்கெனவே செலவான கார்பன் இருக்கு, இடிச்சா அது வீணாயிடும்." கேட்க நல்லா இருக்கு. ஆனா வாதம் சரியில்ல. 1988-ல வெளியேறின கார்பன் வெளியேறினதுதான். இடிச்சாலும் இடிக்காட்டாலும் அது திரும்பி வராது. பரிட்சை ஃபீஸ் கட்டியாச்சுங்கிறதுக்காகப் பிடிக்காத கோர்ஸைப் படிக்கிற மாதிரி ஆயிடும் அந்த லாஜிக்.

சரியான கேள்வி பின்னாடி பார்க்கிறதில்ல, முன்னாடி பார்க்கிறது. இந்தக் கட்டிடத்தை வச்சுக்கிட்டா, நாம புதுசா எவ்வளவு சிமெண்டும் கம்பியும் வாங்காம தப்பிக்கிறோம்? லாபம் அங்கதான் இருக்கு. அந்த லாபம் 52 வருஷம் கழிச்சு வர்றதில்ல, இந்த வருஷமே வருது. காற்றுல போன கார்பன் டை ஆக்சைடு நூத்துக்கணக்கான வருஷம் தங்கும்கிறதால, இப்பவே வெளியேறாம தடுக்கிற ஒரு டன்னுக்கும் என்னிக்கோ மிச்சமாகப் போற ஒரு டன்னுக்கும் மதிப்பு வேற.

சேப்பாக்கத்துல ஒரு சுவர்

இந்தக் கணக்கை அங்கிள்கிட்ட காட்டினேன். "நாளைக்குக் காலையில பீச்சுக்கு வாக்கிங் வா"ன்னார். மெரினாவுக்கு எதிர்ல, சேப்பாக்கம் அரண்மனை முன்னாடி நிறுத்தினார். ஆற்காடு நவாப் வாலாஜா 1768 வாக்குல கட்டின அரண்மனை. ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால்னு ரெண்டு பகுதி. கலஸ் மஹால் அரசு அலுவலகமா இருந்தப்ப, 2012 ஜனவரியில பெரிய தீ விபத்து. கூரை விழுந்துச்சு, தீயணைப்பு வீரர் ஒருத்தர் உயிரிழந்தார்.

எரிஞ்சு போன 240 வருஷத்துக் கட்டிடம். இடிக்கறதுக்கு இதை விடப் பெரிய காரணம் வேணுமா? ஆனா பொதுப்பணித்துறை அதைச் சீரமைச்சுது. இன்னிக்கு அதுக்குள்ள இயங்குறது எது தெரியுமா? தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற நீதிபதிகள் உட்கார்ந்திருக்கிறது ஒரு பழைய கட்டிடத்துல.

அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புக் கலவையில கட்டினது. கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியைச் சுண்ணாம்புல சேர்க்கிற பழக்கத்தைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. சுண்ணாம்பும் கல்லைச் சுட்டுத்தானே வருது, அப்ப கார்பன் வெளியேறாதான்னு நானும் கேட்டேன். வெளியேறும். ஆனா மூணு வித்தியாசம் இருக்கு. ஒண்ணு, சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவுக்குச் சூடு போதும். ரெண்டு, சுண்ணாம்புப் பூச்சு காற்றுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித்தான் இறுகுது. சூளையில விட்ட வாயுவுல ஒரு பங்கைச் சுவர் திரும்ப எடுத்துக்குது. மூணாவது எனக்குப் பிடிச்சது. சுண்ணாம்புக் கலவை செங்கல்லை விட மென்மையானது. அதனால தட்டிச் சுரண்டினா செங்கல் முழுசா வந்துடும், திரும்பக் கட்டலாம். சிமெண்ட் கலவையில ஒட்டின செங்கல்லைப் பிரிச்சா, பெரும்பாலும் செங்கல்தான் உடையும்.

"அது அரண்மனை, இது ஃப்ளாட்"

சரி, அரண்மனைக்குப் பணமும் கவனமும் கிடைக்கும். நம்ம சாதாரண கான்கிரீட் பெட்டிக்கு? இதுக்கு பிரான்ஸ்ல ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஆன் லகதோன், ஜான்-ஃபிலிப் வசால்னு ரெண்டு கட்டிடக் கலைஞர்கள். 2021-ல ப்ரிட்ஸ்கர் பரிசு வாங்கினவங்க. இடிக்கக் கூடாதுங்கிறது அவங்க கொள்கை.

போர்டோ நகரத்துல கிராண்ட் பார்க்னு ஒரு குடியிருப்பு. 1960-கள்ல கட்டின மூணு பெரிய கட்டிடம், 530 வீடு. பார்த்தா நம்ம ஹவுசிங் போர்டு பிளாக் மாதிரி இருக்கும். அவங்களும் கூட்டாளிகளும் சேர்ந்து அதை இடிக்கல. வெளிச்சுவருக்கு முன்னாடி, முன்கூட்டியே தயாரிச்ச பாகங்களை அடுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழத்துக்கு கண்ணாடி வச்ச ஒரு கூடுதல் தாழ்வாரமும் பால்கனியும் கொடுத்தாங்க. பழைய சின்ன ஜன்னல்கள் பெரிய கண்ணாடிக் கதவா மாறிச்சு. வெளிச்சம் வந்துச்சு, இடம் பெருசாச்சு, குளிர் காலத்துல ஹீட்டர் செலவு குறைஞ்சுது. லிஃப்டும் புதுசாச்சு. வேலை நடக்கும்போது குடியிருந்தவங்க வீட்டைக் காலி பண்ணவே இல்ல. 2019-ல ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ பரிசு இதுக்குக் கிடைச்சுது.

அங்க குளிர், இங்க வெயில், அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஆனா அவங்க கேட்ட கேள்வியைக் காப்பி அடிக்கலாம். இங்க இருக்கிறவங்களுக்கு என்ன குறை? அந்தக் குறையை மட்டும் எப்படிச் சேர்த்துக் கொடுக்கிறது? எங்க பில்டிங்ல அந்தக் கேள்வியை யாரும் கேட்கல. அம்மா கேட்டது லிஃப்ட். பில்டர் கொடுக்க வந்தது புதுக் கட்டிடம்.

டெஸ்ட் ரிசல்ட்

அங்கிள் வற்புறுத்தி, அசோசியேஷன் பணத்துல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டோம். அவர் தூண்கள்ல ரீபவுண்ட் ஹேமரால தட்டிப் பார்த்தார். சில இடங்கள்ல கான்கிரீட்டைத் துளை போட்டு எடுத்தார். எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபினாப்தலீன் டெஸ்ட். ஸ்கூல் லேப்ல டைட்ரேஷனுக்குப் போடுவோமே, அதேதான். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரம்தான் உள்ள இருக்கிற கம்பியைத் துரு பிடிக்காம காப்பாத்துது. காற்றுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கா உள்ள இறங்க இறங்க, காரம் குறையும். உடைச்ச இடத்துல ஃபினாப்தலீன் தெளிச்சா, நல்லா இருக்கிற பகுதி இளஞ்சிவப்பா மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாது. அந்த நிறமில்லாத பகுதி கம்பி வரைக்கும் போயிடுச்சான்னு பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

எங்க சன்ஷேடுகள் மோசம். பாத்ரூம் சிலாப் நாலு இடத்துல மோசம். தரைத்தளத்துல ரெண்டு தூணுக்கு ஜாக்கெட்டிங் பண்ணணும். மத்த தூண்கள், பீம்கள் நல்லா இருக்கு. வெளிப்பக்கமா இரும்பு ஃபிரேம் நிறுத்தி லிஃப்ட் போடலாம்னும் எழுதிக் கொடுத்தார். அவர் கொடுத்த லிஸ்ட்படி மொத்தம் 300 மூட்டை சிமெண்ட், லிஃப்ட் ஃபிரேமையும் சேர்த்து 6 டன் இரும்பு. பழைய கணக்கையே போட்டா, சிமெண்டுக்கு 9 டன், இரும்புக்கு 15 டன், ஆக 24 டன். வீட்டுக்கு 2 டன். அங்க 26, இங்க 2.

"ஆனா கரண்ட் மிச்சமாகாதே"ன்னு கேட்பீங்க. அதுக்கும் கணக்கு இருக்கு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். இப்ப வர்ற பிஎல்டிசி ஃபேன் 28 வாட். வித்தியாசம் 47 வாட். நாலு ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம்னா வருஷத்துக்கு சுமார் 820 யூனிட் மிச்சம். புது பில்டிங் மிச்சம் பிடிக்கும்னு நான் வச்ச 20 சதவீதம் எவ்வளவு? 720 யூனிட். நாலு ஃபேனை மாத்தினாலே அதைத் தாண்டிட்டோம். மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிச்சா, ரெண்டாவது மாடிக்காரங்க ஏசி போடுற நேரமும் குறையும். இது எதுக்கும் ஒரு சுவரைக்கூட இடிக்க வேண்டாம்.

எப்ப இடிக்கிறது சரி?

நான் "எதையும் இடிக்காதே"ன்னு சொல்லல. கடலோரத்துல உப்புத் தண்ணியில கலந்த கான்கிரீட், கம்பி முழுக்கத் துரு, தூண்ல பிளவு, இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தா, கார்பனைப் பேசாம காலி பண்ணிட்டு வெளியே வரணும். உயிர்தான் முதல். மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல ரெண்டு வீடு இருந்த இடத்துல 30 குடும்பம் வாழ முடியும்னா, அவங்க ஊருக்கு வெளியே போய் தினமும் 40 கிலோமீட்டர் வண்டி ஓட்டறதை விட அது நல்லதா இருக்கலாம். அங்கயும் கணக்குப் போட்டுத்தான் முடிவு பண்ணணும்.

கணக்குப் போட்டாலும் சண்டை தீராதுங்கிறதுக்கு லண்டன் சாட்சி. ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்ல மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன்னோட பழைய கடையை இடிச்சுக் கட்ட அனுமதி கேட்டுச்சு. அதனால சுமார் 40,000 டன் கார்பன் வெளியேறும்னு எதிர்த்தாங்க. புதுக் கட்டிடம் காலப்போக்குல ஈடுகட்டிடும்னு நிறுவனம் வாதாடிச்சு. 2023 ஜூலையில அமைச்சர் மைக்கேல் கோவ் மறுத்தார். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து பண்ணுச்சு. டிசம்பர்ல அடுத்த ஆட்சியோட அமைச்சர் ஆஞ்சலா ரேய்னர் அனுமதி கொடுத்தார். கடைசியில கட்டிடத்தை இடிக்கிற பக்கம்தான் ஜெயிச்சுது. ஆனாலும் ஒரு விஷயம் கவனிங்க. அங்க அந்தக் கார்பன் எண் மேஜை மேல இருந்துச்சு. பெரிய திட்டங்களுக்கு, கட்டுறதுலருந்து இடிக்கிற வரைக்கும் முழு ஆயுள் கார்பன் கணக்கைக் காட்டணும்னு லண்டன் திட்ட விதிகள்லயே இருக்கு.

எங்க பில்டர் கொடுத்த ஃபைல் 60 பக்கம். யுடிஎஸ் பங்கு, கார்பஸ் ஃபண்ட், பார்க்கிங், வாடகை, டைல்ஸ் பிராண்டு வரைக்கும் இருக்கு. 300 டன்னைப் பத்தி ஒரு வரி இல்ல. பச்சை இலை படம் மட்டும் இருக்கு.

அடுத்த மாசம்

இப்ப நிலைமை என்னன்னு சொல்லிடறேன். 12 வீட்டுல 6 பேர் இடிக்கிற பக்கம், 4 பேர் ரிப்பேர் பக்கம், ரெண்டு வீடு யோசிக்கிறாங்க. அந்த ரெண்டு பேரும் சரின்னா 8 ஆயிடும், கதை முடிஞ்சுது. இடிக்கச் சொல்றவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவங்களுக்குப் பெரிய வீடு இலவசமா கிடைக்குது. ரிப்பேர்னா வீட்டுக்கு சில லட்சம் கையிலருந்து போடணும். கீழ் வீட்டு ஆன்ட்டி பென்ஷன்ல இருக்காங்க. "தம்பி, உன் டன் கணக்கெல்லாம் சரிதான், அந்தக் காசுக்கு நான் எங்க போவேன்?"னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இடிச்சா பணம் வருது, காப்பாத்தினா செலவாகுது. கார்பனுக்கு விலை இல்லாத வரைக்கும் இந்தத் தராசு ஒரு பக்கம்தான் சாயும். வீட்டுக்கடன் மாதிரி, பழைய பில்டிங் ரிப்பேருக்கும் லிஃப்டுக்கும் அசோசியேஷன்களுக்குக் குறைஞ்ச வட்டியில கடன் கிடைச்சா, ஆன்ட்டியோட ஓட்டு மாற வாய்ப்பிருக்கு.

அம்மாகிட்ட லிஃப்ட் வரைபடத்தைக் காட்டினேன். "இதே வீட்டுலயே லிஃப்டா? இதை முதல்லயே யாராவது சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. அப்பா அன்னிக்குத்தான் வாயைத் திறந்தார். "நான் ரிப்பேர் பக்கம்டா"ன்னார்.

உங்க பில்டிங்ல இந்தப் பேச்சு வந்தா, ப்ரோஷரைப் பார்க்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பண்ணுங்க. ஸ்ட்ரக்சுரல் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பின்னு கேட்டு, மேல சொன்ன கணக்கைப் போடுங்க. அப்புறம் வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட, உண்மையிலேயே என்ன வேணும்னு கேளுங்க. உங்க எண்கள் என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. என் கணக்குல தப்பு இருந்தாலும் சொல்லுங்க, அடுத்த எபிசோடுல திருத்திடறேன். ஓட்டெடுப்பு என்ன ஆச்சுன்னும் அப்ப சொல்றேன்.